தட்டிப் பார்க்காத மணி

சம்பந்தம் செத்த பிறகு அவன் பாத்திரக்கடைக்குள் நான் போனது ஆவியை விரட்ட அல்ல, இன்டர்நெட்டைப் பார்க்க. டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், செஞ்சி பஜாரில் ஒயர் உள்ள எது படுத்தாலும் இந்த விநாயகத்தைத்தான் கூப்பிடுவார்கள். போன வாரம் ஒரு மிக்ஸியைப் பார்த்தேன். அது இன்னும் ஓடவில்லை.

நல்ல உச்சிவெயில். ராஜகிரிப் பாறை அத்தனை அனலையும் பஜாருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. கடைக்குள் மட்டும் சில்லென்று இருந்தது. மின்விசிறி ஓடவில்லை. ஊறிய புளியும் சாம்பலும் கலந்த வாசனை வந்தது, பித்தளை துலக்கும் வாசனை.

"யாரும்மா பாத்திரம் தொலக்கறது?"

"யாரும் இல்ல பெரிப்பா. மாமா போனதுலேர்ந்து யாரு தொலக்கறா?" என்றாள் கலைவாணி. சம்பந்தத்தின் இளைய மருமகள்.

கடையை ஆன்லைனில் ஏற்றியவள் அவள்தான். குத்துவிளக்கு, சூலம், மணி, செம்பு என்று ஊர் ஊராகப் போகும். சனங்கள் பார்க்கிற முன்பக்கம் நன்றாக ஓடியது. ஆர்டர் வந்து விழுந்தது. ஆனால் அட்மின் என்று ஒரு பின்பக்கம் உண்டு. அங்கே ஆர்டரைத் திறந்து விலாசச் சீட்டு எடுத்தால்தான் பெட்டி வெளியே போகும். அதுதான் நகரவில்லை. திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"மேல்மலையனூர் அமாவாசைக்கு வாங்கினவங்க எல்லாம் காத்துட்டு இருக்காங்க. சாயங்காலம் கூரியர் வண்டி வரதுக்குள்ள இது போகலன்னா, கடைய செல்போன்காரனுக்கு வாடகைக்கு உட்டுடுவேன்னு கமலேஷ் அத்தான் சொல்லிட்டாரு."

கமலேஷ் சம்பந்தத்தின் மூத்த மகன். சொன்னால் செய்வான். அந்த விஷயத்தில் மட்டும் அப்பனைப் போல.

என் காது மிஷின் கம்ப்யூட்டர் பக்கத்தில் கீச்சிட்டது. கழற்றி மேசைமேல் வைத்தேன். அது இல்லாவிட்டால் எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதில் பக்கத்தில் பேசினால் கேட்கும். பொண்டாட்டி பேசினால் அதுவும் கேட்காது.

மோடத்தை அணைத்துப் போட்டேன். அவள் செல்போன் நெட்டில் இணைத்தேன். பழைய குப்பையை எல்லாம் அழித்தேன். அட்மினில் ஒட்டவைத்திருந்த கூடுதல் செயலிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். வட்டம் அசரவில்லை.

ஒரே ஒரு ஆர்டர் கண் இமைப்பதற்குள் திறந்தது. அதில் வெறும் பஞ்சுத் திரிதான் இருந்தது.

"இன்னொண்ணு தொற," என்றேன்.

செம்பு ஆர்டரைத் திறந்தாள். வட்டம் சுற்றியது.

டிங்.

உள்ளே குடோனில் யாரோ உலோகத்தைத் தட்டினார்கள். உடனே பக்கம் திறந்தது.

குத்துவிளக்கு ஆர்டர். வட்டம். டிங். திறந்தது.

இடது காதில் கேட்டது.

எனக்குப் பயமில்லை. வேட்டி நடுங்கியது காற்றால். காற்று எங்கிருந்து வந்தது என்று நான் ஆராயவில்லை.

அந்தத் தட்டலை எனக்குத் தெரியும். சம்பந்தம் எந்தப் பாத்திரத்தையும் தட்டாமல் கொடுத்ததில்லை. வாங்குகிறவர் காதருகே பிடித்து, செப்பு மோதிரத்தால் ஒரு தட்டு. நாதம் இழுத்துக்கொண்டு போனால்தான் கை மாறும். அந்த மோதிரம் வீங்கிய விரலில் சிக்கிக் கழற்ற வரவில்லை. அவனோடு சேர்ந்தே எரிந்தது.

"நீ தட்டிப் பாத்துதான் கட்டறியா?" என்று கேட்டேன்.

"எங்க பெரிப்பா நேரம்? வந்த அட்டையோட அப்படியே சுத்தி அனுப்பறேன்."

"அதான் அவன் தட்டறான். ஒண்ணொண்ணா. இந்த வேகத்துல தட்டினா அடுத்த அமாவாசைதான். மலையனூர்ல யாரையாவது கூப்ட்டு மந்திரிச்சுடலாமா?"

"ஒண்ணும் வேணாம்." அவள் முகம் சிவந்தது. "உயிரோட இருக்கச்சே தெனம் சண்ட. படத்துக்குள்ள போயும் சண்டயா? செத்தவரு தடுத்தாருன்னு நான் கடைய மூடமாட்டேன்."

அட்மினுக்குள் யார் யார் நுழையலாம் என்கிற பக்கத்தைத் திறந்தாள். இரண்டே பெயர்கள். அவள் பெயருக்கு மேலே சம்பந்தம், உரிமையாளர். கடை அவன் பெயரில் இருந்ததால் அன்றைக்கு அவளே பதிந்தது. அவன் அந்தக் கீபோர்டைத் தொட்டதே இல்லை. ஷாக் அடிக்கும் என்பான்.

பெயருக்குப் பக்கத்தில் பச்சைப்புள்ளி எரிந்தது.

இப்போது உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

புளி வாசனை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

"கலைவாணி," என்று கிசுகிசுத்தேன், "கோவக்காரன்மா."

"அவரு கோவம் எனக்கு இன்னா புதுசா?"

நீக்கு என்பதை அழுத்தினாள். இவர் பொறுப்பில் உள்ளதை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று திரை கேட்டது. தன் பெயரைத் தொட்டாள்.

அலமாரியில் இருந்த செம்பு, தவலை, தாம்பாளம் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன.

பிறகு அதிர்வு நின்றது.

ஆர்டர்கள் மளமளவென்று திறந்தன. பிரிண்டரிலிருந்து சீட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. ஜெயித்துவிட்டோம் என்று டீ சொல்ல எழுந்தேன்.

கடைசி ஆர்டர் திறக்கவில்லை. கோயில் மணி ஒன்று. வட்டம் சுற்றியது. பச்சைப்புள்ளி இல்லை, பெயரும் இல்லை. வட்டம் மட்டும் சுற்றியது.

கலைவாணி விறுவிறுவென்று குடோனுக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன், வாசலில் தனியாக நிற்கத் துணிவில்லாமல். கட்டிவைத்த பெட்டியைக் கிழித்து மணியை எடுத்தாள். விரல் முட்டியால் தட்டினாள்.

சொத்தென்று ஒரு சத்தம். ஓட்டாஞ்சில்லு போல.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முடி அளவுக்கு ஒரு விரிசல், விளிம்பிலிருந்து மேலே ஏறியிருந்தது. பூசையில் முதல் அடிக்கே பிளந்திருக்கும்.

இருட்டு மூலையைப் பார்த்துப் பேசினாள். கும்பிடவில்லை. இடுப்பில் கை வைத்திருந்தாள்.

"சரி மாமா. நீங்க சொன்னது நெசம்தான். ஆனா அதுக்காவ பொழப்ப நிறுத்தறதா? இனிமே தட்டறது நானு. நீங்க கல்லாவ உட்டு எழுந்திரிங்க."

குளிர் கொஞ்சம் விலகினாற்போல் இருந்தது.

ஒட்டிய பெட்டிகளை எல்லாம் பிரித்தாள். ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டாள். மறுபடி கட்டினாள். நான் டேப் கிழித்துக் கொடுத்தேன். விரிசல் மணிக்குப் பதிலாக வேறு மணியைத் தட்டி உள்ளே வைத்த கணத்தில், வெளியே மேசைமேல் கடைசிச் சீட்டு தானாக விழுந்தது.

வெயில் இறங்குவதற்குள் வண்டி வந்தது. கூரியர்க்காரன் இளவழகன் முதல் பெட்டியைத் தூக்கினான்.

டிங்.

அப்படியே நின்றான். அடுத்ததைத் தூக்கினான். டிங். திரிப்பெட்டியைத் தூக்கும்போது மட்டும் சத்தமில்லை.

"அக்கா, உள்ள இன்னா வெச்சிருக்கீங்க? யாரோ தட்டறா மாதிரி இருக்குது."

"எங்க மாமா," என்றாள் கலைவாணி. "கூட வராரு. அவருக்குத் தனியா சார்ஜ் போட்டுடாத."

இளவழகன் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்தான். திண்டிவனம் ரோட்டில் அது திரும்பி மறையும் வரை எனக்கு அந்தச் சத்தம் கேட்டது, ஒன்று மாற்றி ஒன்று, நிதானமாக, வேலையில் குறை வைக்காத ஒருத்தன் தட்டுவதுபோல.

வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் பார்த்தேன். என் காது மிஷின் இன்னும் மேசைமேலேயே கிடந்தது.