கருவித் தனிமை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளாடிஸ் தன் வீட்டு வைஃபை அணுகுமுனையின் அமைப்புகளைத் திறந்து உட்கார்ந்தாள். தூத்துக்குடியின் கடல்மேல் அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு வைஃபை. அலைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. சேனலை மாற்றினாள், அலையகலத்தைப் பாதியாக்கினாள். அப்படியும் ஏதோ ஒரு கருவி ஓயாமல் வெளியே தரவு அனுப்பிக்கொண்டிருந்தது.

எதுவென்று கண்டுபிடிக்க, மேம்பட்ட அமைப்புகளின் அடியில் ‘கருவித் தனிமை’ என்றொரு பொத்தான் இருந்தது. அதை இயக்கினால் வீட்டிலுள்ள கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள முடியாது. வெளியுலகோடு மட்டும்தான் தொடர்பு. காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மனச்சில்லுக்கும் அதே கதிதான். வீட்டுக்குள் யாரும் வாய்விட்டுப் பேசாத காலம் அது. நினைத்தால் போதும், மற்றவருக்குக் கேட்கும். சில்லிலிருந்து சில்லுக்கு நேராகப் போகிறது, நடுவில் யாரும் இல்லை என்றுதான் விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள்.

‘கொஞ்ச நேரம் என் குரல் கேக்காது’ என்று பால்கனியில் இருந்த கணவன் ரொசாரியோவுக்கு நினைத்தனுப்பிவிட்டுப் பொத்தானை இயக்கினாள். பழக்கதோஷம், உடனே கேட்டுவிட்டாள்: ‘காப்பி போடட்டுமா?’

‘போடு கண்ணு. நீ போட்டா தனி ருசிதான்.’

அவன் குரல்தான். எழுந்தவள் பாதியில் நின்றாள். திரையில் தனிமை இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அணைத்து, மறுபடி இயக்கி, ‘நான் யாரு?’ என்று கேட்டாள்.

‘என் உசுரு’ என்றது குரல்.

வீட்டுக்குள் வழி அடைபட்டிருக்கிறது. அப்படியானால் பதில் வெளியிலிருந்து வருகிறது. கிளாடிஸ் பால்கனிக்கு ஓடினாள்.

“என்னங்க!” புழங்காத தொண்டை கரகரத்தது. அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

“இப்ப என்கிட்ட பேசினீங்களா?”

“இல்லையே. நீதான் ‘வேலை முடிய நேரமாகும், சாப்பிட்டுக்கோங்க’ன்னு சொன்ன.”

“நான் சொல்லல. நமக்கு நடுவுல யாரோ பேசுறாங்க.”

அவள் விளக்க விளக்க அவன் முகம் வெளுத்தது. “எங்கப்பா செத்தன்னைக்கு ராத்திரி பூரா காதுக்குள்ள என்கூடவே அழுதியே?”

“‘என்னைத் தனியா விடு’ன்னு சொன்னீங்க. நான் பக்கத்து ரூம்ல படுத்துட்டேன்.”

அப்போதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“சித்திரையில உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டேன். ‘இப்ப வேண்டாம், எனக்கும் அதுதான் சரின்னு தோணுது’ன்னீங்க. அதுக்கப்புறந்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.”

“என்கிட்டயா கேட்ட? எதுக்கு ஆஸ்பத்திரி?”

‘விடு கண்ணு, நடந்தது நடந்துபோச்சு’ என்று அவன் குரல் காதுக்குள் கனிவாகச் சொன்னது. எதிரே அவன் உதடு அசையாமல் அவள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான்.

கிளாடிஸ் சில்லைப் பிய்த்துக் கடலில் எறிந்தாள்.

“நமக்கு ஒரு பிள்ளை தங்கியிருந்துச்சு” என்றாள், வாய்விட்டு.