அடித்தொண்டைக் குரல்

ஜானிஸ் வாசிப்பதை நிறுத்திய பிறகும் ஓசை நிற்கவில்லை.

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை அவள் உள்ளங்கையால் அழுத்தி அடக்கியிருந்தாள். நெவிலின் கிட்டார் அவன் தொடையோடு ஒட்டி ஊமையாகிக் கிடந்தது. டிரம்ஸுக்குப் பின்னால் கிளைவ் வெண்கலத் தட்டுகளின் நடுக்கத்தை விரலால் பிடித்து நிறுத்தியிருந்தான். ஆனாலும் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் மூடிக் கிடந்த அந்தக் கம்பளி ஆலையின் நிலவறையில், கல் தளத்துக்கு அடியிலிருந்து, அவர்கள் வாசித்ததற்கும் கீழான ஒரு சுரம் ஈரக் கம்பளி வாடையோடு மெல்லக் கசிந்து ஏறி அவள் முழங்கால்களில் வந்து நின்றது.

"ஆம்ப்ளிஃபயர்தான். கெழடாயிடுச்சு, நம்மள மாதிரி," என்றான் நெவில்.

அவள் போய் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தாள். சிவப்பு விளக்குகள் அவிந்தன. சுரம் அவியவில்லை. இருக்கிற வரை இருந்துவிட்டு, தானாகப் போயிற்று.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. மேலே தெருவில் நவம்பர் மழை. மூவரும் முப்பது வருடமாகச் சேர்ந்து வாசிப்பவர்கள். சவ ஊர்வலம் போல மெதுவாக, மார்பெலும்பில் இறங்கும் டூம் மெட்டல் பாட்டுகளை இதே நிலவறையில்தான் இரண்டு ஆல்பங்களாகப் போட்டார்கள். பிறகு இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் இனிமை வேண்டும் என்றார்கள். பியானோ வந்தது, வயலின் வந்தது, நெவில் பாட்டை அடித்தொண்டையில் உறுமுவதை விட்டு அழகாகப் பாடினான். ஒவ்வொரு ஆல்பத்திலும் ஜானிஸின் பேஸைக் குறைத்துக் குறைத்து, கடைசி ஆல்பத்தில் அப்படி ஒருத்தி இருப்பதே காதில் விழாமல் செய்தார்கள். போன வசந்தத்தில் அவள்தான் சொன்னாள்: "இனிமே எவன் பேச்சும் கேக்க வேணாம். பழையபடி கனமா வாசிப்போம். இல்லன்னா ஆள வுடுங்க, நான் பஸ் ஓட்டப் போறேன்."

சுவிட்சுகளைப் போட்டு அன்றைய பாட்டை மறுபடி தொடங்கினார்கள். உறும வேண்டிய இடத்தில் நெவிலுக்கு இருமல்தான் வந்தது. ஐம்பத்து நாலு வயதுத் தொண்டை. கண்ணில் நீர் முட்ட அவன் திரும்பிக்கொண்டான். பாட்டின் நடுவே நான்கு தாளம் மூவரும் மௌனமாக நிற்க வேண்டும். நின்றார்கள்.

அந்த மௌனத்தில், தளத்துக்கு அடியில், ஏதோ உறுமியது. நெவிலால் முடியாத அந்த உறுமல். சரியான தாளத்தில்.

கிளைவின் குச்சி கையிலிருந்து விழுந்தது. "நான் கெளம்புறேன். வாங்க, ஆளுக்கொரு பியர் அடிச்சிட்டு வேற எடம் பாப்போம்."

"ஜானிஸ், அவன் சொல்றது சரிதான்," என்றான் நெவில், தரையைப் பார்த்தபடியே.

ஓடிவிடத்தான் அவளுக்கும் கால் துடித்தது. ஆனால் அந்தப் பயத்தையும் மீறிக்கொண்டு கோபம் கிளம்பியது. இருபது வருடமாக ஒவ்வொருத்தனும் சத்தத்தைக் குறை என்றான். இன்றைக்கு ஒரு தரை மிரட்டுகிறதா?

"கம்பெனிக்காரனுக்கே பயப்படல. இதுக்குப் பயந்து ஓடணுமா? போறவங்க போங்கடா. நான் தனியா வாசிப்பேன்." குனிந்து தளத்தைப் பார்த்துக் கத்தினாள்: "ஒளிஞ்சிருந்து என்ன உறுமல்? தெம்பிருந்தா மேல வந்து பாடு!"

கிளைவ் குனிந்து குச்சியை எடுத்துக்கொண்டான்; நெவிலும் போகவில்லை.

ஆம்ப்ளிஃபயரிடம் போனாள். குமிழ்கள் எல்லாவற்றையும் கடைசி வரை திருகினாள். முதல் அடியிலேயே கூரைக் காரை உதிர்ந்தது. இரண்டாவது அடிக்குக் கல் இடுக்குகளில் நீர் கசிந்தது. கம்பளி வாடை மூக்கை அடைத்தது. அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் அழுத்தினாள். பல் கூசியது. விலா அதிர்ந்தது.

அப்போது குரல் வந்தது.

பழைய குரல். அதைவிட ஆழம். ஆலையே வாய் திறந்தது போல. வந்துவிட்டது! நெவிலுக்குத் தொண்டை திறந்துவிட்டது! சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

குரல் நீண்டது. மூச்சு வாங்கவில்லை. இன்னும் நீண்டது.

கண்ணைத் திறந்தாள்.

நெவில் சுவரோடு ஒண்டி நின்றான். அவன் வாய் மூடியிருந்தது. கிளைவ் எழுந்து நின்றிருந்தான். இருவரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

என்னடா ஆச்சு என்று கேட்கப் போனாள்.

அவள் வாய் ஏற்கனவே திறந்திருந்தது.

தரையிலிருந்து அந்தக் குரல் அவள் பாதம் வழியாக ஏறியது. குளிராக. ஈரமாக. தொண்டை வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. மூடப் பார்த்தாள். தாடை கீழே இறங்கியது. இன்னும். கழுத்தெலும்பைத் தொட்டது. குரல் நிற்கவில்லை.

விரல்கள் மட்டும் இன்னும் அவளுடையவை. அவற்றால் அவள் மேலும் கனமாக வாசித்தாள்.