இடது கன்னத்தில் ஒரு சாட்சி

"ஐயோ… அண்ணே!"

லயத்து வீட்டிலிருந்து வந்த அலறலில் வேலாயியின் கையிலிருந்த ரப்பர் பால்வாளி நழுவியது.

ஓடினாள்.

கயிற்றுக் கட்டிலில் அவள் புருஷன், கங்காணி அப்புசாமி. தாடையைச் சுற்றி வழக்கமான துண்டு. கண்கள் கூரையை வெறித்தன. கடைவாயில் வெற்றிலைச் சாறு!

தலைமாட்டில் அடுத்த லயத்துக் கொழுந்தன் முனுசாமி மாரில் அடித்துக்கொண்டான்.

"பாக்கு தொண்டைய அடைச்சிருச்சு அண்ணி! என் கையால மடிச்சுக் குடுத்தேன்… மென்னுக்கிட்டே சிரிச்சாரு… அப்படியே சாஞ்சிட்டாரு!"

வேலாயிக்கு அழுகை வரவில்லை.

பொய்!

ஒரு மாதமாக அவர் வாய் விரல் நுழையக்கூடத் திறக்கவில்லை. கஞ்சியைப் பப்பாளித் தண்டால் உறிஞ்சித்தான் குடித்தார். வீட்டுக்கு வெளியே இது தெரிந்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் சாமிக்கண்ணு ஒருவர்தான்.

தை மாதம் மலாக்கா பெரியாஸ்பத்திரியில் கன்னத்துப் புற்றை வெட்டி எடுத்தார்கள். ஊருக்குச் சொன்னது, கடைவாய்ப்பல் பிடுங்கியதாக. சித்திரையில் அதே இடத்தில் மறுபடி முளைத்தது. வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை டிரஸர்தான் தமிழில் சொன்னார்.

"திரும்பி வந்த புத்து, மொதல்ல வந்ததவிட வேகமா ஓடுமாம்மா. இனி கத்தி வச்சுப் பிரயோசனமில்ல. தீபாவளி பாக்க மாட்டாராம்."

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினார் அப்புசாமி. ஆவணியில் மகள் சுசீலாவுக்குக் கல்யாணம். லூபோக் சீனா ஊர்ச் சம்பந்தி காதில் 'புற்று' என்று விழுந்தால் போச்சு! ரத்தத்தில் ஓடுகிற நோய் என்று தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அதனால் துண்டு. நாற்றத்துக்கு உள்ளே கற்பூரம். கேட்டால் பல்வலி.

இப்போது?

வாயைத் திறந்தால் மகள் கல்யாணம் போகும். மூடினால் கொலைகாரன் தப்புவான்!

டிரஸர் வந்தார். பிணத்தைப் பார்த்தார். வேலாயியைப் பார்த்தார்.

"என்னம்மா… பாக்குதானா? பொணத்த எடுத்துடச் சொல்லவா?"

"சீக்கிரம் எடுத்துடலாம் லா! வெயில் ஏறுது!" முனுசாமி பறந்தான்.

அந்த அவசரம் வேலாயியைச் சுட்டது.

"தம்பி… எந்தக் கன்னத்துல ஒதுக்கியிருந்தாரு?"

"என்ன கேள்வி அண்ணி? எடது கன்னந்தான்! ரெண்டு மாசமா துண்டுக்கு மேலயே உப்பிக்கிட்டு நிக்குதே… ராத்திரிகூட புகையிலய துப்ப மாட்டாரு போலன்னு ஊரே சிரிக்குது!"

தோட்டத்தில் பாதிப் பேர் கன்னம் அப்படித்தான் உப்பியிருக்கும். யார் சந்தேகப்படுவார்கள்?

வேலாயி துண்டை உருவினாள்.

கூட்டம் மூக்கைப் பொத்தியது. இடது கன்னத்தைத் துளைத்துக்கொண்டு சதை பிதுங்கியிருந்தது!

"பாத்துக்க! இதா வெத்தல?"

டிரஸர் உதட்டை விலக்கினார். இறுகிப்போன பற்கள். சக்கை முழுவதும் பற்களுக்கு வெளியே!

"உள்ள ஒரு துணுக்குகூடப் போகல முனுசாமி. மென்னது யாரு… நீயா?"

முனுசாமி சிவந்த உதட்டைப் புறங்கையால் துடைத்தான். பாய்ந்தான். வாசலில் நாலு பேர் அமுக்கினார்கள்.

"ஆமா! தலகாணிய வச்சு அமுக்கினேன்! இவரே காலம்பூரா கங்காணியா இருந்தா நான் எப்ப ஆவுறது?"

"மடையா!" டிரஸர் கத்தினார். "ஒங்கண்ணன் தீபாவளிக்கு மேல இருக்க மாட்டாருடா. எனக்கப்புறம் தம்பிதான்னு தொரகிட்ட சொல்லச் சொன்னாரு. நேத்துத்தான் சொன்னேன். தொரையும் சரின்னுட்டாரு!"

முனுசாமி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

ரெம்பியாவிலிருந்து போலீஸ் லாரி வந்து அவனை அள்ளிக்கொண்டு போனது.

அப்பன் காலடியில் சுசீலா விம்மிக்கொண்டிருந்தாள். டிரஸர் தொண்டையைச் செருமினார்.

"புத்து ரத்தத்துல ஓடுற நோயில்லம்மா. நானே லூபோக் சீனா போய் சம்பந்திகிட்ட சொல்றேன்."

வேலாயி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"சொல்லுங்கையா! இந்தக் குடும்பத்து ரத்தத்துல ஓடின நோய் வேற… அத இப்பத்தான் லாரியில ஏத்தி அனுப்பினோம்னு!"