மண் இல்லாத பாட்டில்

காலை 9.10. பேட்டரி ஆலைக் காவலாளியின் மகளுக்கு உடம்பில் ஈய விஷம் ஏறிவிட்டதென்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தபோது, இன்ஸ்பெக்டரம்மா சோதனைக்கூடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பாக்டீரியா வளர்க்கும் ஜாடிகள் நாறின. மேசைமேலிருந்த சான்றிதழ் அதைவிட நாறியது. "பேட்டரி ஆலைக் கழிவின் ஈயத்தை மண்ணும் பாக்டீரியாவும் பிடித்துக்கொள்ளும். கிணற்று நீரைக் குடிக்கலாம்."

அதை நம்பித்தான் அந்தக் குடும்பம் குடித்தது.

கையெழுத்து, கம்ப்யூட்டரில் கணிப்புப் போடும் பெண்ணுடையது. கைதாகப் போவது தான்தான் என்று அழுது முகம் வீங்கியிருந்தாள்.

"பாட்டில் சோதனை அளவைத்தாம்மா போட்டேன். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பங்கை மண் பிடிச்சுதுன்னு சார்தான் எழுதிக் கொடுத்தாரு."

சார் என்பது கூடத்தின் தலைவர், ஆலை முதலாளியின் மைத்துனர். வெடித்த விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கேன் தண்ணீர்.

"சோதனை எப்படி?"

"ஈயத் தண்ணில மண்ணையும் பாக்டீரியாவையும் போட்டுக் குலுக்கி வடிகட்டுவோம். தண்ணில குறைஞ்ச ஈயம் மண்ணுக்குப் போனதா கணக்கு."

"நீங்க கிணத்துத் தண்ணி குடிக்கலியா?"

"பழக்கமில்ல."

சீ, இதெல்லாம் ஒரு ஜென்மமா என்று நினைத்தபடி அம்மா சோதனை நோட்டைக் கேட்டு வாங்கினார்.

10.40. நோட்டில் ஏழு பாட்டில்கள். ஏழாவதற்கு நேரே 'மண் இல்லை'.

"இது எதுக்கு?"

"ஒப்பிட்டுப் பாக்க. வெறும் ஈயத் தண்ணி," என்றார் தலைவர்.

"இதுலயும் தொண்ணூத்தாறு பங்கு குறைஞ்சிருக்கே! மண்ணே இல்லாத பாட்டில்ல எந்த மண்ணுய்யா பிடிச்சுது?"

ஏழாவது பாட்டிலின் கழுத்தில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை அம்மா நகத்தால் சுரண்டினார்.

"இது என்னம்மா?"

"சுண்ணாம்பு," என்றாள் பெண். "அதைப் போட்டா ஈயம் கட்டியாகி வடிகட்டில நின்னுடும்."

அம்மா தலைவர் பக்கம் திரும்பினார். "நீங்க ரகசியமா போட்ட சுண்ணாம்பு செஞ்ச வேலையை மண்ணு செஞ்சதா எழுதிட்டீங்க. கிணத்தோரம் எவன் சுண்ணாம்பு கொட்டினான்? உங்க விரலை அரிச்சதும் அதுதான். ஆறு பாட்டிலோட நிறுத்தியிருந்தா தப்பிச்சிருப்பீங்க. ஏழாவதுல ஏன் போட்டீங்க?"

"ஒண்ணுக்குச் செய்யறதை எல்லாத்துக்கும் செய்யணும். இருபது வருஷப் பழக்கம்... கை தானா போயிடுச்சு."

"திருட்டுலயும் ஒழுங்கா? தூ!"

அவரை ஜீப்பில் ஏற்றியதும் பெண் கைகூப்பினாள். அம்மா கூப்பவில்லை.

"நோட்டோட ஏழாவது வரி உன் கைக்கும் வந்துச்சுல்ல?"

அவள் தலை குனிந்தாள். "வந்துச்சு. வெறும் பாட்டில்தானேன்னு பாக்காம விட்டுட்டேன்."

"உன்னை நான் கைது பண்ணல. ஆனா வண்டில ஏறு. இதை அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட நீயே சொல்லு."