ஏழு வருசம் தொடக்கூடாத காசு

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை...

த பேசின் ஊர்ப் பிள்ளையார் கோயில் வாசலில் இருந்து கார் நிற்கும் இடம் வரைக்கும் கௌசிகா ஒரே ஓட்டமாக ஓடினாள். ஒரு கையில் சேலைக் கொய்யகம், மறு கையில் செருப்பு. முன்னால் போன தோழி சஜிதாவின் வெள்ளைக் கொரோலா, கண்ணாடி முழுக்க நீராவிப் புகார் படிந்து ஸ்டார்ட்டில் நின்றது. கதவைத் திறந்தாள்... ஏறினாள்... அடித்துச் சாத்தினாள்.

"கெதியா ஹீற்றரைப் போடடி!"

திரும்பிப் பார்த்தாள்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தது சஜிதா இல்லை. வேட்டிக்கு மேலே கறுப்பு ஜக்கெற் போட்ட ஒருவன். நெற்றித் திருநீறு நனைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... பெரிய, அமைதியான கண்கள். இவளைப் பார்த்து இமைக்க மறந்திருந்தன.

அவள் அப்போதே இறங்கியிருப்பாள். கதவுப் பிடியில் கையும் போய்விட்டது. ஆனால் காரின் ஸ்பீக்கரில் ஒரு குரல் கேட்டது.

"தம்பி, லைனில நிக்கிறீரோ? இதில யோசிக்க என்ன கிடக்கு? ஐயாயிரம் டொலரையும் ஒண்டாப் போட்டுவிடும். மாசம் நூற்றுக்கு மூண்டு. உமக்கு எந்த பாங்க் தரும்?"

அவளுக்குத் தெரிந்த குரல். சிறு வயதில் இருந்தே தெரிந்த குரல். விக்னராஜா மாமா... அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

"பிறகு எடுக்கிறன் அங்கிள்," என்று அவன் போனை வைத்தான். "நீங்கள்... கார் மாறி ஏறிட்டியள் போல."

"ஓம்... சொறி." இறங்கவேண்டியதுதானே? அவள் இறங்கவில்லை. "அந்தக் காசைப் போடாதேங்கோ."

"என்னது?"

"மாசம் நூற்றுக்கு மூண்டு எண்டு ஆரும் உறுதி சொல்லேலாது. சொன்னா அதில ஏதோ பிழை."

அவன் முகம் மாறியது. "நீங்கள் ஆர் எண்டே எனக்குத் தெரியாது. என்ர காருக்குள்ள ஏறி இருந்துகொண்டு என்ர காசைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறியள். அகதியாப் போட்டில ஏறி வந்தவனுக்கு ஒண்டும் விளங்காது எண்ட நினைப்போ?"

"போட்டோ பிளேனோ... அது என்னத்துக்கு இப்ப? நான் காசைப் பற்றித்தான் சொன்னனான்." அவளுக்கும் கோபம் வந்தது. கைப்பையில் இருந்த அர்ச்சனைச் சீட்டுத் துண்டின் பின்பக்கத்தில் மூன்று வரி கிறுக்கினாள். "அவரிட்ட இதைக் கேளுங்கோ. லைசன்ஸ் நம்பர் என்ன, நினைச்ச நேரம் காசைத் திருப்பி எடுக்கலாமோ, எல்லாத்தையும் எழுத்தில தருவாரோ. மூண்டுக்கும் பதில் வந்தால் போடுங்கோ."

"உங்களுக்கு லைசன்ஸ் இருக்கோ?"

"இல்லை. அதாலதான் நான் உங்கட காசைக் கேக்கேல்லை."

அவன் சிரித்துவிட்டான். சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தான்... முடியவில்லை. அவள் அதே துண்டில் தன் போன் நம்பரையும் எழுதினாள். ஏன் எழுதினாள் என்று பிறகு பலமுறை யோசித்தாள்.

அந்தக் குரல் தன் மாமாவுடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

*

அவன் பெயர் சுஜீதன். கிரான்பர்னில் இருந்தான், வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கும் வேலை. அடுத்த சனிக்கிழமை டண்டினோங் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் அவளுக்கு முன்னால் வந்து இருந்தான். நகக்கண்ணில் வெள்ளைச் சீமெந்து ஒட்டியிருந்தது.

"கேட்டனான். முதல் கேள்விக்குச் சிரிச்சார். ரண்டாவதுக்கு 'ஒரு வருசம் பொறும்' எண்டார். மூண்டாவதுக்கு, உமக்கு ஆர் இதெல்லாம் சொல்லித் தந்தது எண்டு கேட்டார்."

"சொன்னீங்களோ?"

"கார் மாறி ஏறின ஒரு ஆள் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

கௌசிகா கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தாள். அவள் ஒரு ஓய்வூதிய நிதி நிறுவனத்தில் நாள் முழுக்கப் போனில் பதில் சொல்லுகிறவள். யாருக்கும் தனிப்பட்ட ஆலோசனை சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. எல்லோருக்கும் பொதுவானதை மட்டும் சொன்னாள்.

"முதல்ல மூண்டு மாசச் செலவைப் பாங்கிலயே விடுங்கோ. வேலை போனா, கார் பழுதானா, அது இருக்கும். மிச்சத்தில கொஞ்சம்... ஐம்பது டொலரெண்டாலும் காணும். ஒரு கம்பனியில எல்லாத்தையும் போடாமல், இருநூறு முந்நூறு கம்பனியில சின்னச் சின்னத் துண்டு வாங்குற ஃபண்ட் இருக்கு. கட்டணம் குறைஞ்சதாப் பாருங்கோ. ரண்டு கிழமைக்கு ஒருக்கா ஒரே தொகையைப் போடுங்கோ. ஏறும், இறங்கும்... இறங்கேக்க பயந்து விக்கக்கூடாது. ஒரு ஏழு வருசத்துக்குத் தொடத் தேவையில்லாத காசா இருக்கோணும்."

அவன் கோப்பையை மேசையில் வைத்தான்.

"என்ன... கனகாலமோ?"

"ஏழு வருசம்..." அந்தச் சொல்லை அவன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "பன்னிரண்டு வருசம் நான் ஆறு மாசம் ஆறு மாசமாத்தான் இருந்தனான். விசா முடியும், பிறகு கடிதம் வரும், பிறகும் முடியும். போன வருசம்தான் நிரந்தரமாக் கிடைச்சது. ஏழு வருசத்துக்குப் பிறகு நீ எங்க இருப்பாய் எண்டு என்னட்ட ஒருத்தரும் கேட்டதில்லை."

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்களை அப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். வெளியே தூறல்... கண்ணாடியில் துளிகள் ஒன்றை ஒன்று பிடிக்க ஓடிக்கொண்டிருந்தன. இப்போது சொல்லவேண்டும், அந்த மனுசன் என் மாமா என்று. வாய் வரை வந்தது. தேநீரோடு விழுங்கிவிட்டாள்.

இன்னும் மூன்று சனிக்கிழமைகள் சந்தித்தார்கள். ஃபண்டைப் பற்றிக் கதைத்தது முதல் இரண்டில் மட்டும்தான்; இரண்டாவதில் அவன் ஐம்பது டொலர் போட்டுத் தொடங்கியும்விட்டான்.

*

மாமாவின் மகளுக்குப் பிறந்தநாள். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கௌசிகா குசினியில் இருந்து ரோல்ஸ் தட்டோடு வெளியே வந்தபோது, ஹோல் வாசலில் சுஜீதன் நின்றான். 'வீட்டை வந்து ஆக்களைப் பாரும், அப்ப நம்பிக்கை வரும்' என்று மாமாவே அவனைக் கூப்பிட்டிருந்தார்.

"வாரும் தம்பி!" மாமா அவன் தோளில் கை போட்டார். "இந்தப் பெடியன் என்னட்ட லைசன்ஸ் கேக்குது. இஞ்ச பாரும், இது என்ர மருமகள் கௌசிகா. காசு விசயம்தான் இவவுக்கு வேலையே. பிள்ளை, நீயே இவருக்குச் சொல்லு, மாமாவிட்டப் போடலாமோ இல்லையோ?"

தட்டு அவள் கையில் நின்றது. சுஜீதனின் கண்கள் அவள் மேல் நின்றன. சோபாவில் அம்மா இரஞ்சிதம், பக்கத்தில் மாமி, அதற்குப் பக்கத்தில் ஏற்கெனவே காசு போட்ட நாலைந்து பேர்... எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

ஒரு சின்ன 'ஓம்' போதும். கேக் வெட்டப் போய்விடலாம்.

"போட வேண்டாம்," என்றாள். பிறகு மாமாவிடம் திரும்பினாள். "லைசன்ஸ் இல்லாமல் இப்பிடி ஆக்களிட்டக் காசு சேர்க்கக்கூடாது, மாமா. நான்தான் அந்தக் கேள்வியளை இவருக்கு எழுதிக் குடுத்தனான்."

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். மாமாவின் முகம் சிவந்தது. அம்மா எழுந்து உள்ளே போனாள்.

சுஜீதன் வெளியேறினான். அவள் அவன் காரடிக்கு ஓடினாள்.

"உங்கட மாமா எண்டு முதல் நாளே தெரியும். என்ன?"

"ஓம்."

"ஒவ்வொரு சனிக்கிழமையும் தெரியும்."

"ஓம்..."

"எனக்குப் பொய் சொல்லுற ஆக்களைத் தெரியும், கௌசிகா. பாதி சொல்லுற ஆக்களோடதான் எனக்குப் பழகத் தெரியேல்லை."

கார் போனது. அவள் கையில் இன்னும் ரோல்ஸ் தட்டு இருந்தது.

*

அம்மா அவளோடு மூன்று கிழமை கதைக்கவில்லை. கதைத்த முதல் நாளில், "ஒரு போட்டில வந்த பெடியனுக்காக என்ர தம்பியைச் சபையில தலைகுனிய வைச்சிட்டாய்," என்று மட்டும் சொன்னாள்.

சபையில் கேட்ட பேச்சு சபையோடு நிற்கவில்லை. காசு போட்டவர்கள் ஒவ்வொருவராக மாமாவின் கதவைத் தட்டினார்கள். சிலருக்குப் பாதி திரும்பியது. சிலருக்குத் தவணை சொல்லப்பட்டது. ஒரு நாள் காலையில் அம்மா தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கதிரையை இழுத்து இருந்தாள்.

"நானும் எட்டாயிரம் குடுத்தனான், பிள்ளை. கேட்டால் தம்பி இப்ப போன் எடுக்கிறானில்லை."

கௌசிகா அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா தேநீரை அவள் பக்கம் தள்ளினாள்.

"அந்தப் பெடியன்... தப்பிச்சிட்டானோ?"

"ஓம் அம்மா. ஒரு சதமும் போடேல்லை."

"நல்லது," என்றாள் அம்மா. எழுந்து போகும்போது, திரும்பிப் பார்க்காமலே, "நல்ல முகம்," என்றாள்.

அந்தக் கிழமை பங்குச்சந்தை விழுந்தது. கௌசிகாவின் வேலையிடத்தில் போன்கள் ஓயாமல் அடித்தன. மத்தியானம் அவளுடைய சொந்தப் போனும் அடித்தது. சுஜீதன்.

"நூற்றுக்கு ஏழு விழுந்திட்டுது."

"வித்திட்டியளோ?" பதறிவிட்டாள்.

"இல்லை. தொடேல்லை. ஞாயிற்றுக்கிழமை கிரான்பர்ன் பூந்தோட்டத்துக்கு வருவீங்களோ?"

போனாள். சிவப்பு மணல் வெளியைப் பார்த்த பாதையில் அவன் நின்றான். நல்ல வெயில். இருவரும் கொஞ்சத் தூரம் நடந்தார்கள். பிறகு அவன் நின்றான்.

"அது விழுந்ததைப் பார்க்கேக்க எனக்குப் பயம் வரேல்லை. சந்தோசம் வந்தது. உங்களுக்குப் போன் எடுக்க ஒரு சாட்டுக் கிடைச்சிட்டுது எண்டு."

"சாட்டு இல்லாமலும் எடுத்திருக்கலாம்..."

"கோவமா இருந்தனான். எல்லாருக்கும் முன்னால நீங்கள் சொன்னது லேசில்லை எண்டு வீட்டை போன பிறகுதான் விளங்கினது. விளங்கின பிறகு வெக்கமா இருந்தது." அவன் மணலைப் பார்த்தான். "ஆனா ஒண்டு கேக்கோணும். ஏன் மாமா எண்டு சொல்லேல்லை? நம்ப மாட்டன் எண்டோ?"

கௌசிகா இல்லை என்று தலையசைத்தாள்.

"நம்புவீங்கள் எண்டு தெரியும். சொன்னா... அடுத்த சனிக்கிழமை வரமாட்டியள் எண்டு பயந்தனான்."

அவன் அவளைப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். அந்தக் கண்கள் இப்போது அமைதியாக இல்லை.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, கௌசிகா. வீட்டை வந்து உங்கட அம்மாவோட கதைக்கட்டோ?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதுவரை சூடு ஏறியது.

"அம்மா கேள்வி கேப்பா..."

"கேக்கட்டும்."

"ஓம்," என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "வாங்கோ."