தங்கராசுவின் மெடல்

ஆறாம் வகுப்பு இனியாவுக்குப் போர்க்கதை என்றால் சோறுகூட வேண்டாம். செய்தித்தாளில் வந்த டாங்கிப் படங்கள், பட்டாள உடுப்புப் பொத்தான்கள், ஒரு காலித் தோட்டா எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் சேர்த்திருந்தாள். பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று விருத்தாசலத்தில் கேட்காத ஆளில்லை. அவள் டின்னை நிரப்பிக்கொண்டே இருந்தாள்.

பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு, பழைய இரும்புக் கடையில் ஒரு மெடல் கிடைத்தது. புளி போட்டுத் தேய்த்ததும் விளிம்பில் பெயர் தெரிந்தது: தங்கராசு. உடனே அட்டையில் எழுதிவிட்டாள்: ‘எதிரி டாங்கியை நொறுக்கிய மாவீரர் தங்கராசு.’

பிறகுதான் யோசித்தாள். யார் இவர்? கடைக்காரரைக் கேட்டாள். பொம்மைக் கம்பெனியில் வேலை பார்க்கும் கண்ணம்மாள் போட்ட பழைய பெட்டிக்குள் இருந்தது என்றார்.

இனியா கம்பெனிக்கே தேடிப் போனாள். மெடலைப் பார்த்ததும் கண்ணம்மாள் கையிலிருந்த பீங்கான் பொம்மையை வைக்கோலில் வைத்தார். இறந்துபோன கணவருடையது, தொலைந்துவிட்டது என்று அவர் அழுத பொருள். கண்காட்சி முடிந்து கொடுத்தால் போதும் என்றார். எத்தனை டாங்கியை உடைத்தார் என்று இனியா கேட்டதற்குச் சிரித்துவிட்டார். தங்கராசு பட்டாளத்தில் சமையல்காரராம். பக்கத்தில் குண்டு விழுந்த அன்றும் அடுப்பை அணைக்கவில்லையாம்.

இனியா அட்டையைக் கிழித்துவிட்டு, ‘பட்டாளச் சமையல்காரர் தங்கராசு’ என்று புதிதாக எழுதினாள். பழைய அட்டைக்கு முதல் பரிசே கிடைக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்றான் வகுப்புத் தோழன் ஜெயராஜ்.

“எனக்குத் தெரியுமே” என்றாள்.

கண்காட்சியன்று வரலாறு சார் அட்டையைப் படித்து முகம் சுளித்தார். போர்க்கருவி மேசையில் சமையல்காரருக்கு என்ன வேலை, ‘வீரர்’ என்று மாற்று என்றார்.

“மாத்த மாட்டேங்க சார். அவரு சமையல்காரருதான்.”

“அப்ப மேசையக் காலி பண்ணு.”

இனியா காலி செய்தாள். எல்லாவற்றையும் வராண்டா தரையில் பரப்பி நடுவில் மெடலை வைத்தாள். அரைநாள் லீவு போட்டு வந்திருந்த கண்ணம்மாள் தூணோரம் நின்றார்.

பையன்கள் கூடினார்கள். இவரு எத்தனை பேரைச் சுட்டாரு என்று ஒருவன் கேட்டான்.

“யாரையும் சுடல. ரொட்டி சுட்டாரு” என்றாள் இனியா, உள்ளே இருந்த சாருக்கும் கேட்கும்படி. “அதத் தின்னவங்கதான் சண்ட போட்டாங்க.”

சிரிப்பு அடங்கியதும் ஜெயராஜ் கேட்டான்: “ஒரு நாளைக்கு எத்தனை ரொட்டி?”

இனியா நகர்ந்து இடம் விட்டாள். கண்ணம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்நூறு பேருக்கு மாவு பிசைந்த கதையைத் தொடங்கினார். வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்த சார், முன்னால் நின்ற பையனை மறைக்காமல் உட்காரச் சொன்னார்.