கட்டிப் போட்ட ஆட்டம்

நேற்று சாயங்காலம்தான் மகள் சிட்டுவின் நகங்களை அவள் வெட்டிவிட்டிருந்தாள். மடியில் உட்கார வைத்து, பிள்ளை நெளிய நெளிய, கை விரல் கால் விரல் ஒன்று விடாமல் வெட்டினாள். இன்று தையல் கடையில் அரை நாள் சொல்லிவிட்டு மதியமே ஓடி வந்து, காய்ச்சலில் படுத்திருந்த மகளின் கையை எடுத்துப் பார்த்தால், நகங்கள் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்து அழுக்கு அடைந்து கிடந்தன. கட்டைவிரல் நகம் ஒரு பக்கம் உடைந்துகூட இருந்தது.

அவளுக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும். பசி வந்தாலும் அப்படித்தான், அழுகை வந்தாலும் அப்படித்தான்.

"ஏங்க! காது கேக்குதா? புள்ளையைப் பாத்துக்கச் சொல்லிட்டுத்தானே போனேன்?"

பக்கத்து அறையிலிருந்து கம்ப்யூட்டர் விசிறிகளின் இரைச்சல்தான் பதிலாக வந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு மாவு மில் வைத்த மாதிரி அப்படி ஒரு இரைச்சல். அவள் கணவர் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருபவர். வேலை முழுக்க வீட்டில்தான். அதற்கென்று போன மாதம் ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்தது. வந்த நாளிலிருந்து மனுஷன் அதன் முன்னால்தான் சாப்பிடுகிறார், அதன் முன்னால்தான் தூங்கி வழிகிறார். எடிட்டர் என்று ஊர் கூப்பிடும். கோபத்தில் இவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எடிட்டர் சார், உங்களைத்தான்!"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். திரைச்சீலை போட்டு வெயிலை அடைத்திருந்த அறையில் சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்து நாறியது. மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி அனல் கக்கிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டு திரைகளில் ஒன்றை முகம் உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ நகத்தைப் பாத்தீங்களா?"

"வளந்திருந்தா வெட்டிவிடு."

"நேத்துதான் வெட்டினேன்!"

"அப்ப சரியா வெட்டலை."

செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது சங்குக்குச் சத்தம் மிஞ்சும். அவள் தலையில் அடித்துக்கொண்டு, அப்படி என்னதான் பார்க்கிறார் என்று எட்டிப் பார்த்தாள். திரையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டம். அதற்குள் ஏழெட்டு நிறங்களில், கட்டம் கட்டமாக வரைந்த ஒரு வீடு. ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலில் சூரியன் என்று ஒரு மஞ்சள் புள்ளி மெதுவாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் மறைந்து, மறுபடியும் வந்தது. கட்டிலில் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு பொம்மைப் பெண்.

"பழைய கேம். ஒரு கஸ்டமர் குடுத்த உடைஞ்ச ஹார்ட் டிஸ்க்ல கிடந்துச்சு. யாரு செஞ்சதுன்னுகூட போடலை. பேரு கேக்கும், டைப் பண்ணா ஒரு குழந்தை வரும். சாப்பாடு குடுக்கணும், தூங்க வைக்கணும். அவ்ளோதான்." அவர் குரலில் குஷி தாங்கவில்லை. "இந்தக் காலத்து கேமெல்லாம் கடிகாரத்தைப் பாத்து ஓடும். இதுக்குக் கடிகாரமே கிடையாது. மெஷின் எவ்ளோ வேகமா எண்ணுதோ, இதுவும் அவ்ளோ வேகமா ஓடும். அந்தக் காலத்து மெஷின் ஆமை, அதுக்குச் சரியா இருந்துச்சு. இதுல விட்டா தலை தெறிக்க ஓடுது. போன வாரம் சும்மா பூனை பேரைப் போட்டுப் பாத்தேன். ஒரு வாய் டீ குடிக்கறதுக்குள்ள பொறந்து, வளந்து, கிழவியாகி, கல்லறையே வந்துருச்சு!"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பூனை போன வாரம்தான் செத்தது. குட்டியாகத் தூக்கி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கால்நடை டாக்டர் அதன் வாயைத் திறந்து, பல்லே இல்லாத ஈறுகளைத் தடவிப் பார்த்து, வயசாயிடுச்சும்மா, நல்லா வாழ்ந்துட்டுத்தான் போயிருக்கு என்றார். அவள் அவரிடமும் சண்டை போட்டுவிட்டு வந்தாள். இப்போது முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. அது கோபம் இல்லை. அதனாலேயே அவசரமாகக் கோபப்பட்டாள்.

"பூனை செத்து வாரம்கூட ஆகலை, அது பேரை வெச்சு விளையாட்டா?"

"செத்த அன்னைக்குக் காலையில, அது சாகப் போறது தெரியாம போட்டேன். விடு. இப்ப எப்படிக் கட்டிப் போட்டிருக்கேன் பாரு. ரெண்டு கல்யாணத்தை ஒரே நேரத்துல ரெண்டர் போட்டிருக்கேன். படத்தையெல்லாம் சேத்து ஒரே ஃபைலா ஆக்கறதுக்குள்ள மெஷினுக்கு மூச்சு முட்டுது. மிச்ச மூச்சுலதான் இது ஓடுது. ராத்திரி முழுக்க ஓடியிருக்கு. என்ன அழகா நடக்குது பாரு!"

"மூடித் தொலைங்க அதை."

"இதை மூடற வழியே தெரியலை. மெஷினையே அணைச்சாத்தான் உண்டு. ரெண்டர் முடியட்டும்."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. புள்ளைக்குக் காய்ச்சல், மாத்திரை தீர்ந்துபோச்சு, பொம்மைக்குச் சோறு ஊட்டிட்டு உட்காந்திருக்கீங்க என்று ஆரம்பித்து, அவர் எழுந்து செருப்பைத் தேடும் வரை விடவில்லை. மருந்துக் கடைக்குக் கிளம்பிப் போனார். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அதன்பின் வீட்டில் விசிறி இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அது சுவர் வழியாக வந்து, கட்டிலின் இரும்புக் காலில் ஏறி, தண்ணீர்த் தம்ளருக்குள் மெல்லிய வட்டங்களாக நடுங்கியது. சிட்டு வியர்த்துப் போய்க் கிடந்தாள். உடம்பைத் துடைத்துவிட்டு உடை மாற்றலாம் என்று, கடையில் மிஞ்சிய பருத்தித் துணியில் தானே தைத்த கவுனை எடுத்தாள். ஊர்ப் பிள்ளைகளின் அளவெல்லாம் டேப் வைத்து எடுப்பவள். மகளின் அளவு மட்டும் கைக்கே தெரியும். இரண்டு விரல் தாராளம் விட்டுத் தைத்த கவுன், தோளிலேயே மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. வாஷிங் மெஷினைத் திட்டினாள். சாயப்பட்டறைக்காரனைத் திட்டினாள். கடைசியில் அப்பாவின் டி-ஷர்ட் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டாள்.

"கால் வலிக்குதும்மா."

"எங்கடா தங்கம்?"

"உள்ள. எலும்புக்குள்ள."

சொல்லும்போது வாய் திறந்தது. முன்பல் இரண்டும் விழுந்து, ஓட்டை வாயோடு ஆறு வயசுப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது போன வாரம். அந்த ஓட்டையில் இப்போது அகலமாக, விளிம்பு ரம்பம்போல, இரண்டு புதுப் பற்கள் முழுசாக நின்றன. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். கெட்டியாக இருந்தன.

பல் முளைக்க எத்தனை மாதம் ஆகும் என்று யோசிக்கப் போனவள், யோசிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

அப்போது பக்கத்து அறையில் 'டிங்' என்று ஒரு மணிச் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு வேலை முடிந்ததைச் சொல்லும் சத்தம். இரைச்சலில் பாதி அடங்கியது. அவள் சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். உள்ளங்கைக்குள் முழுசாக அடங்கியிருந்த கை. அது மெல்ல, மாவு உப்புவதுபோல, அவள் விரல்களை விலக்கியது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பிடி போதவில்லை. சோம்பல் முறிக்கும்போது வருகிற நெட்டிச் சத்தம், சின்னச் சின்னதாக, மகளின் முதுகிலிருந்து, முழங்காலிலிருந்து வந்தது.

"அம்மா, வலிக்குது!"

குரல் சிட்டுவுடையதுதான். கொஞ்சம் கனத்திருந்தது.

அவருக்குப் போன் போட்டாள். அடுத்த அறையில் அவர் போன் பாடியது. போனைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. பாவி மனுஷன், பாவி மனுஷன் என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடினாள்.

திரையில் மஞ்சள் புள்ளி கண் சிமிட்டுவதுபோல ஜன்னலைக் கடந்துகொண்டிருந்தது. பகல், இருட்டு, பகல், இருட்டு. பொம்மைப் பெண் முன்பைவிட உயரம். அவள் தலைக்கு மேல் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். முன்பு எட்டிப் பார்த்தபோது அவர் தோள் மறைத்திருந்தது. இப்போது மறைக்க யாருமில்லை.

சிட்டு.

பெயருக்குப் பக்கத்தில் பதினொன்று என்ற எண். அவள் பார்க்கப் பார்க்கப் பன்னிரண்டு ஆனது.

விளையாட மகள் பேர்தான் கிடைத்ததா? வேறு பேரே இல்லையா உலகத்தில்? தன் பேரைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே! பயம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் கோபமாக மாறித் தலைக்கு ஏறியது. மவுஸைப் பிடித்து அந்தக் கட்டத்தின் மேல் குத்து குத்தென்று குத்தினாள். மூட அதில் குறியே இல்லை. கீபோர்டில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அமுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. அம்புக்குறி மட்டும் இழுத்து இழுத்து நகர்ந்தது. மெஷினுக்கு மூச்சு முட்டுகிறது.

முட்டட்டும். எல்லாவற்றையும் மூடுகிறேன் பார்.

பெரிய கட்டத்தை மூடினாள். யாரோ ஒரு மணப்பெண் சிரித்தபடி மறைந்தாள். இன்னும் வேலை முடியவில்லை, நிறுத்திவிடவா என்று கேட்டது. ஆம். இதுவரை செய்தது அழிந்துவிடும், பரவாயில்லையா? ஆம். அடுத்தது. ஆம். அதற்குப் பின்னால் இருந்தது. ஆம், ஆம். அவருடைய ஒரு வாரத்து உழைப்பு ஒவ்வொன்றாகப் போகப் போக அவளுக்குத் திருப்தியாக இருந்தது. போய்த் தொலையட்டும். இன்னும் நாலு இருந்தால் அதையும் கொண்டா.

விசிறிகள் அடங்கின.

வந்த நாளிலிருந்து முதல் முறையாக அந்த அறை அமைதியானது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

காலித் திரை. ஓரத்தில் அந்தச் சின்னக் கட்டம் மட்டும்.

மிச்ச மூச்சில்தான் இது ஓடுது என்று அவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது மெஷினுக்கு வேறு வேலை இல்லை. மொத்த மூச்சும் அதற்குத்தான்.

மஞ்சள் புள்ளி புள்ளியாக இல்லை. ஒரு கோடு. அசையாத மஞ்சள் கோடு.

எண்ணைப் படிக்க முடியவில்லை.

"அம்மா?"

சுவருக்கு அந்தப் பக்கம். வயசுப் பெண்ணின் குரல்.

ஐயோ.

சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. மேஜைக்கு அடியில் யுபிஎஸ் பெட்டி 'பீப்' என்றது. கரண்ட் போனாலும் வேலை போகக் கூடாதென்று அவர் ஆசையாக வாங்கி வைத்தது. பீப்.

"அம்மா?"

தன் வயசுக் குரல். அப்படியே தன் குரல்.

மண்டியிட்டாள். வயர்கள். தூசி. எந்த வயர் எதற்கு? எல்லாம் கறுப்பு. பீப். இழுத்தாள். போன் சார்ஜர். பீப்.

"அம்மா..."

தன்னைவிட மூத்த குரல். கரகரத்தது. இருமியது.

பெட்டியின் முகப்பில் பொத்தான். அமுக்கினாள். அணையவில்லை. விடாமல் அமுக்கினாள். பிடித்தபடியே இருந்தாள். அணை. அணைந்து தொலை. சனியனே, அணை!

அணைந்தது.

திரை கறுத்தது. எதுவும் ஓடவில்லை. தரையில் உட்கார்ந்தபடி, தன் மூச்சு வந்து போகும் சத்தத்தை மட்டும் கேட்டாள். உள்ளே எழுந்து ஓடிப் பார்க்கச் சொன்னது மனசு. உட்கார்ந்த இடத்திலேயே திட்டுவதற்கு ஆள் தேடினாள். அவரைத் திட்டலாம். அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தவனைத் திட்டலாம். ஆனால் ஆம் ஆம் என்று அமுக்கிய விரல் அவள் கையில்தான் இருந்தது.

கட்டில் முனகியது.

பாதம் தரையில் உரசும் சத்தம். ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. சுவரைத் தடவித் தடவி ஒரு உள்ளங்கை நகர்ந்து வந்தது.

நடையில் சமையலறை ஜன்னல் வழியாக பிற்பகல் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெயிலுக்குள், அப்பாவின் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, கூன் விழுந்த ஒரு உருவம் கதவு நிலையைப் பிடித்தபடி வந்து நின்றது. இடுப்பு வரை வெள்ளை முடி. பல் இல்லாத வாய். அவளுடைய அம்மாவைவிட, அவளுக்குத் தெரிந்த எவரையும்விட வயசான முகம். வெயில் நேராகக் கண்ணில் அடித்தும் கண் கூசவில்லை. இரண்டு கண்களிலும் பால் படர்ந்திருந்தது.

"ஏம்மா இருட்டா இருக்கு? லைட்டைப் போடும்மா."

ஆறு வயசுப் பிள்ளையின் கொஞ்சல், அந்த வாயிலிருந்து.

அம்மா எங்கே இருக்கிறாள் என்று அது முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பியது. அவள் விசும்பல் வந்த பக்கம் கண்டுபிடித்து, நிலையிலிருந்து கையை எடுத்தது. தள்ளாடியது. தோல் தொங்கி, நரம்பு புடைத்து, நடுங்கும் இரண்டு கைகளும் மெல்ல மேலே உயர்ந்தன.

"கால் வலிக்குதும்மா. தூக்கிக்கோ."